கிளையன்ட்டோட டொமைன் யார் பேர்ல, யார் கணக்குல இருக்கணும்? அஞ்சு வழியையும் பார்த்தாச்சு

வெப்சைட், மெயில், ஹோஸ்டிங்னு பிசினஸ்காரங்களுக்கு ஏதாவது பண்ணிக் குடுக்கறவங்க எல்லார்கிட்டயும் ஒரு நாள் இந்தப் பேச்சு வரும், "அப்படியே அந்த டொமைனையும் நீங்களே வாங்கிப் போட்டுருங்க, பில்லுல சேர்த்துக்கலாம்". சொல்றவருக்கு அது ஒரு வரி. நமக்கு அதுக்கப்புறம் பத்து வருஷத்து வேலை. சைட்டை ஒரு தடவை கட்டினா நிக்கும், டொமைன், அதாவது அந்த சைட்டோட இணையப் பேரு, அப்படி இல்ல, வருஷா வருஷம் பணம் கட்டி உசுரு குடுத்துக்கிட்டே இருக்கணும், ஒரு வருஷம் மறந்தா சைட்டும் போச்சு மெயிலும் போச்சு, அன்னிக்கு ஃபோன் வர்றது நமக்குத்தான், டொமைனை யார் வாங்கியிருந்தாலும் சரி.

அதனால இதை எப்படி செய்யறதுன்னு நான் பல வருஷமா மாத்தி மாத்தி முயற்சி பண்ணதுல, தெரிஞ்சவங்க பண்றதைப் பார்த்ததுல, மொத்தம் அஞ்சு வழி இருக்கு. நம்ம அக்கவுன்ட்ல வாங்கி வைக்கிறது, கிளையன்ட் அக்கவுன்ட்ல வாங்க வச்சு நாம உள்ள போறது, ரீசெல்லர் ஆகறது, நாமளே ரிஜிஸ்ட்ரார் ஆகறது, பெரிய கார்ப்பரேட் ரிஜிஸ்ட்ரார்கிட்ட கை காட்டி விட்டுட்டு ஒதுங்கறது.

அதுக்கு முன்னாடி யார் யாருன்னு ஒரு நிமிஷம். டாட் காம், டாட் நெட் ரெண்டோட மொத்தப் பேரேடும் வெரிசைன்கிட்ட இருக்கு, டாட் ஆர்க் பப்ளிக் இன்டரஸ்ட் ரிஜிஸ்ட்ரிகிட்ட, இவங்க ரிஜிஸ்ட்ரி. இவங்ககிட்ட நேரா போய் வாங்க முடியாது, நடுவுல, டொமைன் பேர்களுக்கு விதி வைக்கிற ஐகான்ங்கற அமைப்புகிட்ட அங்கீகாரம் வாங்கின ரிஜிஸ்ட்ரார் இருப்பாங்க, கோடாடி, நேம்சீப், டூகவ்ஸ் மாதிரி. அவங்களுக்குக் கீழ சில்லறைல விக்கிறவர் ரீசெல்லர். கடைசில யார் பேர்ல பதிவாகுதோ அவர் ரிஜிஸ்ட்ரன்ட், டொமைன் மேல உரிமை அவருக்குத்தான். பணம் யார் கட்டினாங்கங்கறது இங்க பெருசா எடுபடாது. வர்ற சண்டைல பாதி இதைப் புரிஞ்சுக்காததால வர்றது.

சரி, நம்ம அக்கவுன்ட். எல்லாரும் இப்படித்தான் ஆரம்பிக்கறோம், நானும்தான், சும்மா சொல்லக்கூடாது ரொம்ப சவுகரியம். ஒரே லாகின், ஒரே கார்டு, ஆட்டோ ரினீவல் ஆன் பண்ணிட்டா நிம்மதியா தூங்கலாம், டிஎன்எஸ்ல, அதாவது அந்தப் பேரு எந்த சர்வருக்குப் போகணும்னு சொல்ற பட்டியல்ல, ஒரு ரெக்கார்ட் மாத்த யாரையும் ஓடிபி கேட்டு நச்சரிக்க வேண்டாம். ஆனா அக்கவுன்ட்ல டிஃபால்ட்டா இருக்கறது நம்ம பேரும் நம்ம மெயிலும், அவசரத்துல பணம் கட்டும்போது ரிஜிஸ்ட்ரன்ட் இடத்துலயும் அதுவே போய் உக்காந்துக்கும், யாரோ ஒருத்தரோட கடைப் பேரு நம்ம சொத்தா ஆயிடும். முன்னாடியாவது ஹூயிஸ்ங்கற பொதுத் தேடல்ல போட்டுப் பார்த்தா யார் பேர்ல இருக்குன்னு தெரியும், 2018 மே மாசம் ஐரோப்பால ஜிடிபிஆர்ங்கற தனியுரிமைச் சட்டம் அமலுக்கு வந்ததுல இருந்து அதையெல்லாம் மறைச்சுட்டாங்க, 2025 ஜனவரில டாட் காம் மாதிரி பொது டொமைன்களுக்கு ஹூயிஸே கட்டாயம் இல்லைன்னு ஆகி அந்த இடத்துக்கு ஆர்டாப்னு ஒரு புதுத் தேடல் முறை வந்துருச்சு, அதுலயும் பேர் இருக்க வேண்டிய இடம் பெரும்பாலும் மூடித்தான் இருக்கும். அதனால தன் டொமைன் தன் பேர்ல இல்லைங்கறதே தெரியாம கிளையன்ட் வருஷக்கணக்கா ஓட்டிக்கிட்டு இருப்பார், பிசினஸை விக்கப் போறப்பவோ நம்மளோட மனஸ்தாபம் வந்தப்பவோதான் குட்டு வெளிய வரும்.

எங்கிட்ட ஒரு பல் கிளினிக் வந்தாங்க, சைட்டை மாத்தணும்னு. டொமைன் பழைய டிசைனர் அக்கவுன்ட்ல. அவர் அந்த வேலையையே விட்டுட்டு வேற ஃபீல்டுக்குப் போயிட்டார். வேற ரிஜிஸ்ட்ராருக்கு டிரான்ஸ்ஃபர் பண்ண ஆத் கோடுன்னு ஒரு ரகசியக் குறியீடு வேணும், அது ரிஜிஸ்ட்ரன்ட் மெயிலுக்குத்தான் போகும், அந்த மெயில் அவரோட சொந்த டொமைன்ல இருந்த மெயில், அந்த டொமைன் காலாவதி ஆகி ரெண்டு வருஷம் ஆச்சு. ரிஜிஸ்ட்ரார்ல டிக்கெட் போட்டா ரிஜிஸ்ட்ரன்ட்டோட ஐடி ப்ரூஃப் குடுங்கன்னாங்க, ரிஜிஸ்ட்ரன்ட் யாரு, அதே டிசைனர்தான். டாக்டர்கிட்ட கிளினிக் பேர்ல லைசென்ஸ் இருக்கு, போர்டு இருக்கு, டொமைனுக்கு மட்டும் ஒரு துண்டுப் பேப்பர் இல்ல. ஏழு வாரம் அலைஞ்சு, அந்த டிசைனரோட பழைய சகா ஒருத்தர் மூலமா ஆளைப் பிடிச்சோம். அவர் கெட்டவர்கூட இல்லைங்க, மறந்துட்டார், அவ்வளவுதான், அஞ்சு நிமிஷத்துல முடிச்சுக் குடுத்துட்டு சாரி வேற சொன்னார். அன்னிக்கு வீட்டுக்கு வந்து என் அக்கவுன்ட்ல யார் யார் டொமைன் என் பேர்ல கிடக்குன்னு எண்ணினேன். பதினேழு.

அடுத்தது கிளையன்ட்டே அவங்க அக்கவுன்ட் திறந்து, அவங்க கார்டுல வாங்கி, நமக்கு உள்ள வர்ற அனுமதி மட்டும் குடுக்கறது. கோடாடில டெலிகேட் ஆக்சஸ்னு இருக்கு, நேம்சீப்ல டொமைனை ஷேர் பண்ற வசதி இருக்கு, கிளவுட்ஃபிளேர்ல மெம்பரா சேர்த்துக்கலாம். பாஸ்வேர்டை வாட்ஸ்அப்ல அனுப்பறதை விட இது ஆயிரம் மடங்கு மேல். உரிமைச் சிக்கல் சுத்தமா கிடையாது, நாம நாளைக்கு இல்லைன்னாலும் அவங்க பிசினஸ் ஓடும். நமக்கு இதுல லாபமும் கிடையாது, அது வேற விஷயம், செட்டப் சார்ஜ்னு ஒண்ணு போட்டுக்கலாம்.

ஆனா இதுலயும் ஓட்டை இருக்கு. அக்கவுன்ட்டைத் திறக்கறது யாரு? முதலாளி இல்ல, ஆபீஸ்ல கம்ப்யூட்டர் தெரிஞ்ச பையன், அவன் சொந்த மெயில்ல திறப்பான், ஒரு வருஷத்துல வேலையை விட்டுப் போயிடுவான். புது டொமைனுக்கு மெயிலை வெரிஃபை பண்ணச் சொல்லி ஒரு லிங்க் வரும், 15 நாளுக்குள்ள அழுத்தலைன்னா டொமைனை முடக்கிடலாம்ங்கறது விதி, அந்த மெயிலை ஸ்பேம்னு நினைச்சு டெலீட் பண்ணினவங்க எத்தனை பேர். உண்மையான ரினீவல் மெயிலை டெலீட் பண்ற அதே ஆளு, யாரோ முன்பின் தெரியாத கம்பெனி லெட்டர்ஹெட்ல "உங்க டொமைன் முடியப் போகுது"ன்னு அனுப்பற போலி இன்வாய்ஸுக்கு அழகா பணம் கட்டுவார். கார்டு காலாவதி ஆகும், புதுசை அப்டேட் பண்ண மாட்டாங்க.

சின்ன கம்பெனிதான் இப்படின்னு நினைக்காதீங்க. 1999 டிசம்பர்ல மைக்ரோசாஃப்ட்டே பாஸ்போர்ட் டாட் காமுக்கு பணம் கட்ட மறந்துட்டாங்க, ஹாட்மெயிலுக்குள்ள போக முடியாம ஜனங்க தவிச்சப்போ, சம்பந்தமே இல்லாத ஒரு புரோகிராமர் தன் கார்டுல 35 டாலர் கட்டி அதை எழுப்பி விட்டார்.

மறந்தா என்ன ஆகும்ங்கறதையும் இங்கயே சொல்லிடறேன். டாட் காம்ல காலாவதி ஆனதும் 45 நாள் வரைக்கும் ஒரு கிரேஸ் இருக்கலாம், இருக்கலாம்னுதான் சொல்றேன், அது ரிஜிஸ்ட்ராரைப் பொறுத்தது, சில பேர் அதுக்குள்ளயே ஏலத்துக்கு விட்டுருவாங்க. அப்புறம் 30 நாள் ரிடெம்ப்ஷன், அப்போ மீட்கணும்னா சாதா ரினீவலை விட பல மடங்கு பணம். அதுக்கப்புறம் 5 நாள் பென்டிங் டெலீட், அதுல கடவுளே வந்தாலும் ஒண்ணும் பண்ண முடியாது, முடிஞ்சதும் எவன் முந்தறானோ அவனுக்கு. ரிஜிஸ்ட்ரார் சுமாரா ஒரு மாசம் முன்னாடி ஒண்ணு, ஒரு வாரம் முன்னாடி ஒண்ணு, முடிஞ்சு 5 நாளுக்குள்ள இன்னொண்ணுன்னு நோட்டீஸ் அனுப்பியே ஆகணும்னு ஐகான் விதி வச்சிருக்கு. அனுப்பணும்னுதான் விதி, யாராவது படிக்கணும்னு விதி இல்லையே.

இனிமே ரீசெல்லர், இதுலதான் எல்லாருக்கும் ஆசை. மொத்த விலைல குடுக்கற ஒரு ரிஜிஸ்ட்ரார்கிட்ட கணக்கு திறக்கறோம், ஓப்பன்எஸ்ஆர்எஸ், ஈநாம், ரீசெல்லர்கிளப் மாதிரி, இதுல முதல் ரெண்டும் இப்போ டூகவ்ஸ்கிட்டயே இருக்கு. பெரும்பாலும் முன்பணம் போட்டு வைக்கணும், ஒவ்வொரு டொமைனுக்கும் அதுலேர்ந்து கழிஞ்சுக்கும். டபிள்யூஎச்எம்சிஎஸ் மாதிரி ஒரு பில்லிங் சாஃப்ட்வேரை முன்னாடி நிறுத்திட்டா நம்ம பேர்ல, நம்ம லோகோல கடை ரெடி. கிளையன்ட்டுக்கு தனி லாகின் குடுக்கலாம், அவங்க விவரம் ரிஜிஸ்ட்ரன்ட்டா போகும், நமக்கு ஒரே பேனல்ல எல்லா டொமைனும் எல்லா தேதியும் தெரியும். முதல் வழியோட சவுகரியமும் ரெண்டாவது வழியோட நேர்மையும் சேர்ந்து கிடைக்கிற ஒரே இடம் இதுதான், அதை ஒத்துக்கத்தான் வேணும்.

ஆனா லாபம்னு இதுக்குள்ள வராதீங்க. டாட் காமோட மொத்த விலை 2012-லேர்ந்து 2021 வரைக்கும் 7.85 டாலர்ல அப்படியே நின்னுச்சு, அப்புறம் நாலு வருஷம் வரிசையா ஏத்தி 2024 செப்டம்பர்ல 10.26 ஆச்சு, இது ரிஜிஸ்ட்ரார் வெரிசைனுக்குக் கட்டறது. இதுக்கு மேல ஐகானுக்கு ஒரு கட்டணம், 18 சென்ட்டா இருந்து 2025 ஜூலைல 20 சென்ட் ஆச்சு. கிளவுட்ஃபிளேர் மாதிரி ஆளுங்க இந்த அடக்க விலைக்கே பொதுமக்களுக்கு விக்கிறாங்க, அங்க வச்சா அவங்க நேம்சர்வரைத்தான், அதாவது டிஎன்எஸ் பட்டியலை வச்சிருக்கற அவங்க சர்வரைத்தான், பயன்படுத்தணும்ங்கறது தனி. அப்போ நம்ம மார்ஜின் எங்கேர்ந்து வரும்? ஒரு டொமைனுக்கு 5 டாலர் வச்சா 40 கிளையன்ட்டுக்கு வருஷத்துக்கு 200 டாலர், பில்லிங் சாஃப்ட்வேர் லைசென்ஸுக்கே அது சரியா போயிடும், மிச்சம் இருந்தா ஒரு ராத்திரி ஒரு டொமைன் சாஞ்சா அந்த ராத்திரிக்குக் கூலி. இங்க விக்கிறது பேரை இல்ல, ஞாபகத்தை, "தேதியை நாங்க பார்த்துக்கறோம்"ங்கறதை. அதுக்கு வெளிப்படையா வருஷ மெயின்டெனன்ஸ்னு ஒரு தொகை வாங்கறதுதான் சரி, டொமைன் விலைல ஒளிச்சு வச்சா கிளையன்ட் ஒரு நாள் கூகுள்ல விலையைப் பார்த்துட்டு நம்மளைத் திருடன்னு நினைப்பார்.

இதுல நான் வாங்கின அடியையும் சொல்லணும். ஒரு கிளையன்ட் ரினீவல் இன்வாய்ஸுக்கு ஒழுங்கா, மூணு வாரம் முன்னாடியே பணம் கட்டிட்டாங்க. என் பில்லிங் பேனல்ல பச்சை கலர்ல 'பெய்ட்'னு நிக்குது. ஆனா மொத்த வியாபாரிகிட்ட என் முன்பண பேலன்ஸ் ரெண்டு டொமைனுக்கு முன்னாடியே தீர்ந்து போச்சு, ரினீவல் கமாண்ட் போய் முட்டி "பேலன்ஸ் போதாது"ன்னு திரும்பி வந்துருக்கு, அந்த எரர் மெயில் நான் பார்க்காத ஒரு ஃபோல்டர்ல போய் விழுந்துருக்கு. பணம் கட்டின ஆளு சைட்டைத் திறந்தா, காலாவதி ஆன டொமைன்ல வர்ற விளம்பரப் பக்கம், பார்க்கிங் பேஜ், நடுவுல அவங்க போட்டி கம்பெனியோட விளம்பரம். கிரேஸ்ல இருந்ததால அரை மணி நேரத்துல எழுப்பிட்டேன், ஆனா அந்த அரை மணி நேரம் அவர் ஃபோன்ல பேசவே இல்லைங்க, லைன்லயே இருந்தார், மூச்சு மட்டும் கேட்டுச்சு. அன்னிலேர்ந்து பில்லிங் பேனல் சொல்றதை நான் நம்பறதில்ல, மாசம் முதல் தேதி ஒவ்வொரு டொமைனா ஆர்டாப்ல போட்டு காலாவதி தேதி நிஜமா நகர்ந்துருக்கான்னு பார்ப்பேன். அதுலயும் ஒரு சூட்சுமம் இருக்கு, டாட் காம் ரிஜிஸ்ட்ரில காலாவதி அன்னிக்கே தானா ஒரு வருஷம் தள்ளிப் போட்டுருவாங்க, ரிஜிஸ்ட்ரார் பணம் வரலைன்னு பின்னாடி ரத்து பண்ணிக்கலாம், அதனால தேதி முடியறதுக்கு முன்னாடி பார்த்தாதான் அந்தத் தேதிக்கு மதிப்பு.

இன்னொரு விஷயம், நமக்கு மேல இருக்கறவர் சாஞ்சா நாமளும் சாய்வோம். 2007-ல ரிஜிஸ்டர்ஃபிளைனு ஒரு ரிஜிஸ்ட்ரார் உள்ளுக்குள்ள சண்டை போட்டு நாறிப் போய், ரினீவலுக்கு பணம் கட்டின ஜனங்களோட டொமைனே காலாவதி ஆகி, கடைசில ஐகான் அங்கீகாரத்தைப் பறிச்சு டொமைன்களை கோடாடிக்கு மாத்தி விட்டாங்க. பதிவு விவரங்களை வெளி ஆள்கிட்ட ஒரு நகல் ஒப்படைச்சு வைக்கணும்ங்கற ஏற்பாட்டை ஐகான் தீவிரமா நடைமுறைக்குக் கொண்டு வந்தது அதுக்கப்புறம்தான். இப்போ அவ்வளவு மோசம் நடக்காது, ஆனா கை மாறறது நடந்துக்கிட்டேதான் இருக்கு, 2023-ல கூகுள் டொமைன்ஸையே ஸ்கொயர்ஸ்பேஸுக்கு வித்துட்டாங்க, கூகுளாச்சே எங்க போயிடப் போகுதுன்னு வச்சிருந்தவங்க எல்லாம் புதுசா ஒரு பேனலைக் கத்துக்க வேண்டியதாச்சு.

ரிஜிஸ்ட்ரார் ஆகறது பத்தி ரொம்ப பேச ஒண்ணும் இல்ல. விண்ணப்பத்துக்கு 3,500 டாலர் திரும்பி வராது, வருஷா வருஷம் 4,000 டாலர், அதுபோக எல்லா ரிஜிஸ்ட்ராரும் பங்கு போட்டுக்கற ஒரு கட்டணம், கையிருப்பு மூலதனம் 70,000 டாலர் காட்டணும், ஒவ்வொரு ரிஜிஸ்ட்ரியோடயும் தனி ஒப்பந்தம் போட்டு, ரிஜிஸ்ட்ரியோட சிஸ்டத்தோட பேசற ஈபிபி இணைப்பு எழுதி டெஸ்ட்ல பாஸாகி, அங்கயும் முன்பணம் போட்டு. ரீசெல்லர் விலையை விட ஒரு டொமைனுக்கு ஒரு டாலர் மிச்சமாகும்னு வச்சுக்கிட்டாக்கூட 4,000 டொமைன் இருந்தாத்தான் அந்த வருஷக் கட்டணம் மட்டும் வரும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். சில ஆயிரம் டொமைன் கையில இருந்து, ஆள் வச்சு, டொமைனைத் தப்புக்குப் பயன்படுத்தறாங்கன்னு வர்ற அப்யூஸ் புகார் எல்லாம் பார்க்கற அளவுக்கு வந்தப்புறம் இதை யோசிக்கலாம், அப்போ நீங்க இந்தக் கட்டுரையைப் படிச்சுக்கிட்டு இருக்க மாட்டீங்க.

கடைசி வழி, மார்க்மானிட்டர், சிஎஸ்சி மாதிரி கார்ப்பரேட் ரிஜிஸ்ட்ரார். டொமைன் சாஞ்சா பேப்பர்ல நியூஸ் வர்ற அளவு கிளையன்ட்டா இருந்தா, நம்ம கமிஷனைப் பார்க்காம அங்க அனுப்பிடறதுதான் தர்மம். ஏன்னா 2013 ஆகஸ்ட்ல நியூயார்க் டைம்ஸ் சைட் கடத்தப்பட்டதே, அது எப்படின்னா, அவங்க ரிஜிஸ்ட்ரார் மெல்பர்ன் ஐடி, அதுவே பெரிய கம்பெனிங்களுக்கு பண்றவங்கதான், ஆனா திருடு போனது அவங்களோட ஒரு ரீசெல்லரோட லாகின். சிரியன் எலக்ட்ரானிக் ஆர்மிங்கற ஹேக்கர் கும்பல் அதை வச்சு உள்ள பூந்து டிஎன்எஸ்ஸை மாத்திட்டாங்க. ரீசெல்லர்னா யாரு, நம்மளை மாதிரி ஒருத்தர். அந்தச் செய்தியைப் படிச்ச அன்னிக்குத்தான் என் ரீசெல்லர் பேனலுக்கு டூ ஃபாக்டர் போட்டேன், அதுவரைக்கும் போடலை, வெக்கமாத்தான் இருக்கு. இந்த மாதிரி கிளையன்ட்டுக்கு ரிஜிஸ்ட்ரி லாக்கும் வேணும், அதாவது ரிஜிஸ்ட்ரார் பேனல்ல யார் பூந்தாலும் ரிஜிஸ்ட்ரிகிட்ட மனுஷன் மூலமா உறுதி பண்ணாம நேம்சர்வரை மாத்த முடியாது. பேனல்ல நாம ஒரு பட்டன்ல போடற சாதா டிரான்ஸ்ஃபர் லாக் வேற, இது வேற, ரெண்டையும் ஒண்ணுன்னு நினைச்சு தைரியமா இருக்காதீங்க.

நான் இப்போ பண்றது என்னன்னா, பத்திரம் அவங்க பேர்ல, சாவி ரெண்டு பேர்கிட்டயும். ஆபீஸ்ல மெயில் படிக்க ஒரு ஆள் நிலையா இருக்கற கிளையன்ட்டா இருந்தா அவங்க அக்கவுன்ட்லயே வாங்க வச்சு அனுமதி வாங்கிக்கறேன், காலண்டர்ல நானும் தேதி போட்டுக்கறேன். ஒண்டி ஆளா கடை நடத்தறவர், மெயில் பக்கமே போகாதவர்னா ரீசெல்லர்ல, ஆனா ரிஜிஸ்ட்ரன்ட் அவர், ஆர்கனைசேஷன் இடத்துல அவர் கடைப் பேரு எழுத்துப் பிசகாம, மெயில் அவரோட ஜிமெயில், அந்த டொமைன்லயே இருக்கற மெயில் இல்ல. இது முக்கியம், டொமைன் சாஞ்சா அதுல இருக்கற மெயிலும் சாயும், அப்புறம் மீட்கற லிங்க் எங்க போய் விழும்? இருபது கிளையன்ட்டுக்குக் கீழன்னா ரீசெல்லர் பக்கமே போகாதீங்கன்னுதான் சொல்வேன், பேனலைப் பார்த்துக்கற வேலை டொமைனைப் பார்த்துக்கற வேலையை விட ஜாஸ்தி.

ஏற்கனவே உங்க பேர்ல வாங்கி வச்சிருந்தா மாத்தறப்போ வரிசை முக்கியம். முதல்ல ரிஜிஸ்ட்ரன்ட் பேரை கிளையன்ட் பேருக்கு மாத்திட்டு அப்புறம் வேற ரிஜிஸ்ட்ராருக்கு டிரான்ஸ்ஃபர் போட்டா, பேர் மாத்தினதுக்காக 60 நாள் லாக் விழும், அதனால டிரான்ஸ்ஃபரை முதல்ல முடிங்க, இல்ல பேர் மாத்தறப்பவே லாக் வேண்டாம்னு டிக் பண்ண வசதி இருக்கான்னு பாருங்க. புதுசா வாங்கி 60 நாள் ஆகாததும் பெரும்பாலும் நகராது. ஒரே ரிஜிஸ்ட்ராருக்குள்ள அக்கவுன்ட் விட்டு அக்கவுன்ட் தள்ளறது சுலபம், ஆத் கோடு எல்லாம் வேண்டியதில்ல, முடிஞ்சா அதையே பண்ணுங்க. நாட்டு டொமைன்களுக்கு இந்த 60, 45 எல்லாம் அப்படியே பொருந்தும்னு நம்பாதீங்க, ஒவ்வொரு நாட்டு ரிஜிஸ்ட்ரிக்கும் தனி சட்டம், தனியா படிக்கணும்.

நேம்சர்வரையும் சேர்த்து மாத்தறீங்கன்னா பழைய டிஎன்எஸ்ல இருக்கற ஒவ்வொரு ரெக்கார்டையும் புது இடத்துல முதல்லயே போட்டு வச்சுருங்க, மெயிலுக்கான எம்எக்ஸ், எஸ்பிஎஃப், டிகேஐஎம் ரெக்கார்ட் எல்லாம், சைட் வருதேன்னு கிளம்பிப் போயிட்டா மெயில் நின்னது திங்கக்கிழமைதான் தெரியும். டிஎன்எஸ் பதில் போலி இல்லைன்னு சரிபார்க்கற டிஎன்எஸ்செக் ஆன்ல இருந்தா அதுக்கான பழைய டிஎஸ் ரெக்கார்டை முதல்ல எடுத்துட்டு ரெண்டு நாள் பொறுங்க, அதை மறந்து நேம்சர்வரை மாத்தினா சில பேருக்கு சைட் வரும் சில பேருக்கு வராது, நம்ம கம்ப்யூட்டர்ல நல்லா வரும், அதுதான் கொடுமை. டாட் காம்ல நேம்சர்வர் விவரத்துக்கே டிடிஎல், அதாவது மத்த சர்வருங்க பழைய பதிலை ஞாபகம் வச்சுக்கற நேரம், 1,72,800 செகண்ட், ரெண்டு நாள், மாத்திட்டு அஞ்சு நிமிஷத்துல பழைய சர்வரை அணைச்சுடாதீங்க.

அந்தப் பதினேழுல பதினாலு மாத்தியாச்சு. ரெண்டு பேரு அடுத்த மாசம் வர்றேன்னுருக்காங்க. ஒருத்தர் ஃபோனையே எடுக்க மாட்டேங்கறார், கடையும் மூடிட்டார்னு கேள்வி, டொமைன் இன்னும் என் பேர்ல, என் கார்டுல, ரெண்டு வருஷமா நானே கட்டிக்கிட்டு வர்றேன். அந்த டொமைன்ல அவர் பொண்ணோட மெயில் ஒண்ணு ஓடிக்கிட்டு இருக்கு, தினமும் நாலஞ்சு மெயில் வருது, அதான் விடவும் மனசு வரலை.